சீனக் கடைக் கெட்டிலின் மூடி

பிரேக் அக்காவுக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது ஓட்டுநர் உரிமத்திலும் மின்கட்டண ரசீதிலும் சௌக்கியமாக இருக்கிறது. தெருவில் அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் ஒருவருக்கும் வழி காட்டத் தெரியாது. "கார் ஓட்டக் கத்துக்கொடுப்பாங்களே, அந்தம்மா" என்றாலும் யோசிப்பார்கள். "பிரேக் அக்கா" என்றால் போதும், கையைப் பிடித்து வாசலில் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள்.

பயிற்சி வண்டியில் கற்றுக்கொள்பவருக்கு ஒரு பிரேக், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு ஒரு பிரேக். காலையில் ஏறி உட்கார்ந்தால் சாயங்காலம்வரை அக்காவின் வலது கால் அந்தப் பிரேக்கின் மேலேயே தவம் கிடக்கும். பல வருஷம் அப்படி இருந்ததில் அந்தக் காலுக்குத் தனி மூளை முளைத்துவிட்டது. பஸ்ஸில் போனாலும் தரையை அமுக்கும். பல் மருத்துவர் ஊசியோடு பக்கத்தில் வந்தால் அமுக்கும். எதிர்வீட்டுக் குழந்தை சைக்கிளில் போனால், இவள் மாடி ஜன்னலில் நின்றபடி அமுக்குவாள். தூக்கத்தில் பிரேக் போட்டு என் முழங்காலைப் பெயர்த்துவிட்டாள் என்று அவள் கணவர் ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

தொழில் அவளுக்கு இன்னொரு குணத்தையும் கொடுத்திருந்தது. திறந்து கிடக்கிற எதையும் அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. வண்டி கிளம்பும்முன் நான்கு கதவும் சாத்தியிருக்கிறதா, டிக்கி சாத்தியிருக்கிறதா, பெட்ரோல் மூடி திருகியிருக்கிறதா என்று சுற்றி வந்து பார்ப்பாள். அந்தக் கை வீட்டுக்கு வந்தாலும் சும்மா இருக்காது. பிரிட்ஜ் கதவு, பேனா மூடி, பக்கத்து வீட்டு கேட் எல்லாவற்றையும் சாத்திவிட்டுத்தான் மறுவேலை. இது ஒரு குற்றமா என்றால் இல்லை. ஆனால் இந்தக் கை ஒரு வீட்டையே கவிழ்க்கப் பார்த்ததே, அதைத்தான் சொல்ல வருகிறோம்.

அக்காவுக்குக் கல்யாணம் நடந்தது கொஞ்சம் தாமதமாகத்தான். மாப்பிள்ளை பிரிட்ஜ் மெக்கானிக். மனைவியை இழந்தவர். ஒரு பெண் குழந்தை. பாப்பா என்று கூப்பிடுவார்கள். இன்றைக்கு அவள் வளர்ந்து நிலைப்படியில் தலை இடிக்கிற உயரம், இன்னும் பாப்பாதான். மூத்தாள் குழந்தை இருக்கிற வீட்டுக்குப் போகிறாளே என்று அன்றைக்குப் பேசாத வாய் இல்லை. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? அக்கா காதில் போட்டுக்கொள்ளவில்லை. உண்மையில் அந்த வீட்டில் சண்டையும் இல்லை, சச்சரவும் இல்லை. கணவர் நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் பேசிக்கொண்டே இருப்பார். இவள் சொல்ல நினைத்ததை அவளுக்குச் சொல்வார். அவள் கேட்க நினைத்ததை இவளிடம் கேட்பார். மனிதர் வாய் ஓயாது.

போன வருஷம் அந்த வாய் ஓய்ந்துவிட்டது. நெஞ்சை அடைக்கிறது என்று நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

மிஞ்சியது இரண்டு பேர். ஒருத்திக்கு இன்னொருத்தி என்ன உறவு என்று கேட்டால், நடுவில் இருந்த ஆளைத்தான் இருவரும் காட்ட வேண்டும். அவரோ இல்லை. வீடு, இரண்டு விருந்தாளிகள் தங்குகிற இடம்போல ஆகிவிட்டது. "சாப்டியா?" "சாப்டேன்." "லேட்டாகுமா?" "ஆகாது." அவ்வளவுதான் பேச்சு. சமையலறையில் சர்க்கரை டப்பாவை அக்கா மேல்தட்டில் வைத்தால், மறுநாள் அது பாப்பாவின் அம்மா காலத்து இடத்துக்கே திரும்பியிருக்கும். பாப்பா வேண்டுமென்று செய்யவில்லை, கைப்பழக்கம். அக்காவும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஒரு சண்டையாவது வந்திருக்கும், சண்டை வந்தால் பேச்சு வந்திருக்கும்.

ஒன்றே ஒன்றை மட்டும் இரண்டு பேரும் விடவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் சீனக் கடைக்குப் போவது.

அந்தக் கடை சலவைக் கடைக்கும் சாவி அடிக்கிறவர் கடைக்கும் நடுவில் இருக்கிறது. கண்ணாடிக் கதவைத் தள்ளினால் தலைக்குமேல் ஒரு மணி கிணுகிணுக்கும். உள்ளே நுழைந்ததும் ஒரு மீன் தொட்டி, அதில் யாரையும் மதிக்காத ஒரு கிழட்டு மீன். சின்ன மேஜைகள் ஓரத்தில், பெரிய வட்ட மேஜை ஒன்று நடுவில். சுவரில் ஒரு சதுர ஓட்டை. அதன் வழியாகத்தான் தட்டுகள் வரும், இரும்புச் சட்டியில் கரண்டி தட்டுகிற சத்தமும் பூண்டு வாசனையும் வரும். கல்லாவில் இருக்கிற முதலாளியம்மாவின் கொள்ளுத்தாத்தா சீனாவிலிருந்து வந்தவராம். இவர் சீனாவைப் பார்த்தது காலண்டரில்தான். பிறந்து வளர்ந்ததெல்லாம் இந்தத் தெரு. அக்காவிடம் கார் கற்றுக்கொண்டு, பரீட்சையில் திரும்பத் திரும்பக் கோட்டைவிட்டு, ஒருவழியாகத் தேறியவர். அதனால் அக்காவை "டீச்சர்" என்றுதான் கூப்பிடுவார்.

அக்காவின் கணவர்தான் அந்தக் கடையின் பிரிட்ஜைப் பார்த்துக்கொண்டவர். அவர் இருக்கும்போதே வெள்ளிக்கிழமை வழக்கம் ஆரம்பித்துவிட்டது. அவர் போன பிறகும் கால்கள் அங்கேதான் போயின. யோசித்துப் பார்த்தால் காரணம் இருக்கிறது. அங்கே இருக்கிற சர்க்கரை டப்பா யாருடைய அம்மாவுடையதும் இல்லை. சூப்பு வந்தால் இருவருக்கும் ஒரே சூப்பு. மேஜை ஓரத்துக் கண்ணாடிச் சீசாவில் இருக்கிற மிளகாய் எண்ணெயை இவள் அங்கே வைத்தால் என்ன, அவள் இங்கே வைத்தால் என்ன?

பாப்பா குச்சிகளால் சாப்பிடுவதில் கெட்டிக்காரி. ஒற்றைப் பட்டாணியைக்கூடத் தூக்குவாள். அக்காவுக்கு அந்தக் கலை கடைசிவரை படியவில்லை. டம்ப்ளிங் என்கிற காரக் கொழுக்கட்டையைக் குச்சியில் கவ்வித் தூக்குவாள், அது பாதி வழியில் நழுவும், நழுவுகிற அந்த நொடியில் மேஜைக்கடியில் கால் 'டொக்' என்று பிரேக் போடும். பிரேக் போட்டு டம்ப்ளிங் நிற்குமா? அது சட்னிக் கிண்ணத்தில் விழுந்து இருவர் சட்டையிலும் தெறிக்கும். அப்போது பாப்பா சிரிப்பாள். அந்த ஒரு சிரிப்புக்காக அக்கா கரண்டி கேட்காமல் வாரா வாரம் குச்சியோடு மல்லுக்கட்டினாள் என்பது அவளுக்கு மட்டும் தெரிந்த விஷயம்.

இனி கெட்டில் கதைக்கு வருவோம். அந்தக் கடையில் சாப்பாட்டோடு சர்க்கரை போடாத தேநீரைப் பீங்கான் கெட்டிலில் கொண்டுவந்து வைப்பார்கள். தீர்ந்தால் யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. கெட்டிலின் மூடியைச் சாய்த்துத் திறந்து வைத்தால், 'இன்னும் கொஞ்ச நேரம் உட்காரப் போகிறோம், தேநீர் ஊற்றுங்கள்' என்று அர்த்தம். மூடியை அழுத்திச் சாத்திவிட்டால், 'போதும், கிளம்புகிறோம்' என்று அர்த்தம். உடனே நறுக்கிய ஆரஞ்சுச் சுளைகளும் பில்லும் வந்துவிடும். பழைய வாடிக்கையாளர் எல்லாருக்கும் இது அத்துப்படி. பாப்பாவுக்கு அப்பா சொல்லிக்கொடுத்திருந்தார். அக்காவுக்கு மட்டும் தெரியாது. தேநீர் சமாச்சாரத்தை எப்போதும் கணவரே பார்த்துக்கொண்டதால், அவள் அந்தப் பக்கம் திரும்பியதே இல்லை.

இப்போது புரிகிறதல்லவா? அவர் போன பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் இதுதான் நடந்தது. சாப்பிட்டு முடித்ததும் பாப்பா மூடியைச் சாய்த்துத் திறந்து வைப்பாள். அக்காவின் கண்ணில் அது படும். கவனமில்லாத பெண், தேநீர் ஆறிப்போகாதா என்று நினைத்துக்கொண்டு அழுத்திச் சாத்துவாள். முதலாளியம்மா ஆரஞ்சுச் சுளையும் பில்லும் கொண்டுவந்து வைப்பார். பாப்பா பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொள்வாள். பார்த்தாயா, என்னோடு உட்கார இவளுக்கு எவ்வளவு கசக்கிறது, பில் வந்த உடனே எழுந்துவிட்டாள் என்று அக்கா மனசுக்குள் புழுங்குவாள். தெருவில் ஒருவர் பின் ஒருவராக வீடு வந்து சேர்வார்கள்.

இந்த லட்சணத்தில்தான் பெரியம்மாவின் போன் வந்தது. பாப்பாவின் அம்மாவுக்கு உடன்பிறந்த அக்கா அவர். வேறு ஊரில் மருந்துக் கடை வைத்திருக்கிறார். பிள்ளைகள் வேலைக்குப் போய்விட்டார்கள், பெரிய வீடு காலியாகக் கிடக்கிறது. கெட்ட மனுஷி இல்லை. நேராகப் பேசினார். பரீட்சை முடிந்ததும் பாப்பாவைக் கூட்டிக்கொண்டு போகிறேன், கல்லூரியை அங்கேயே படிக்கட்டும், உனக்கும் வயசு ஆகிவிடவில்லை, நீ ஏன் அடுத்தவர் பாரத்தைச் சுமந்துகொண்டு நிற்க வேண்டும் என்றார். அக்கா "அவ இஷ்டம்க்கா" என்று சொல்லிப் போனை வைத்தாள்.

சாயங்காலம் துணி மடித்துக்கொண்டே பாப்பாவிடம் விஷயத்தைச் சொன்னாள். பாப்பா ஒரு தலையணை உறையை எடுத்து மடித்து வைத்தாள்.

"நீங்க என்ன நெனைக்கிறீங்க?" என்று கேட்டாள்.

"நான் நெனைக்க என்ன இருக்கு? உன் இஷ்டம்தான்" என்று சொல்லிவிட்டு, அக்கா சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றாள்.

அட மனுஷியே! வண்டியில் ஏறினால் 'திருப்பு, நிறுத்து, கண்ணாடியைப் பார், ஹாரன் எதுக்கு இருக்கு' என்று ஊரைக் கூட்டுகிற வாய், வீட்டில் ஒரு வார்த்தை சொல்ல வேண்டிய இடத்தில் பூட்டிக்கொள்கிறதே! அவளுக்கும் ஒரு நியாயம் இருந்தது. கற்றுக்கொள்பவர் கையிலிருந்து ஸ்டியரிங்கைப் பிடுங்கக் கூடாது என்பது அவள் தொழில் தர்மம். ஆபத்து வந்தால் பிரேக் போடலாம். வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டியது ஓட்டுகிறவர்தான். பெற்றவளாக இருந்தால் 'போகாதே' என்று காலைப் பிடித்து இழுக்கலாம். நான் யார்? இப்படித்தான் அவள் நினைத்தாள். பெற்ற மனம் பித்து என்பார்கள். பெறாத மனசுக்கும் பித்துப் பிடிக்கும், அதை வெளியில் காட்ட உரிமை இருக்கிறதா என்பதுதான் அதற்குத் தெரியாது.

பெரியம்மா நேரில் பேச வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. வீட்டில் வைத்துப் பேச மூவருக்குமே கூச்சமாக இருந்தது. சீனக் கடைக்கே போய்விடலாம் என்று பாப்பாதான் சொன்னாள். அன்றைக்கு முதலாளியம்மா நடுவிலிருந்த வட்ட மேஜையைக் கொடுத்தார். அதன் நடுவில் ஒரு சுழலும் தட்டு. அதைத் திருப்பினால் பதார்த்தங்கள் நம்மிடம் வரும். சோளச் சூப்பு வந்தது, இஞ்சி போட்டு ஆவியில் வைத்த மீன் வந்தது, முட்டைச் சாதம் வந்தது. பெரியம்மாவுக்கு அந்தத் தட்டை ரொம்பப் பிடித்துவிட்டது. பேசப் பேசத் திருப்பிக்கொண்டே இருந்தார். அக்கா மீனை எடுக்கக் கையை நீட்டும்போதெல்லாம் மீன் பாப்பாவிடம் போய்விட்டது.

பெரியம்மா கல்லூரியைப் பற்றிச் சொன்னார். பாப்பாவுக்கென்று ஒதுக்கியிருக்கிற மாடி அறையைப் பற்றிச் சொன்னார். தங்கை கண் மூடும்போது குழந்தையைப் பார்த்துக்கொள் என்று கேட்டுக்கொண்டதைச் சொல்லும்போது அவருக்கே குரல் உடைந்தது. அக்கா எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினாள். மேஜைக்கடியில் கால் தரையை அமுக்கி அமுக்கி மரத்துப்போய்விட்டது. ஒருமுறை தரை என்று நினைத்துப் பெரியம்மாவின் செருப்பையே அமுக்கிவிட்டு, மன்னிப்புக் கேட்டாள். ஒன்றும் சாப்பிட முடியவில்லை. பாப்பா போய்விட்டால் வெள்ளிக்கிழமைகளை என்ன செய்வது என்ற ஒரே எண்ணம்தான் தலைக்குள் சுற்றிக்கொண்டிருந்தது.

அப்போது பாப்பா கெட்டிலின் மூடியைச் சாய்த்துத் திறந்து வைத்தாள். அக்காவின் கை தன்பாட்டில் போய் அதைச் சாத்தியது. பாப்பா மறுபடி திறந்தாள். அக்கா பெரியம்மாவின் முகத்தைப் பார்த்தபடியே மறுபடி சாத்தினாள்.

ஆரஞ்சுத் தட்டோடு வந்த முதலாளியம்மா மேஜையைப் பார்த்துத் திகைத்து நின்றுவிட்டார். மீன் பாதி அப்படியே இருக்கிறது, சாதம் தொடவே இல்லை.

"என்ன டீச்சர், இன்னைக்குமா அவசரம்? ஊர்லேருந்து பெரியவங்க வந்திருக்காங்க. பாப்பாதான் இன்னும் கொஞ்ச நேரம் இருக்கலாம்னு வாராவாரம் மூடியத் திறந்து வெக்குது. நீங்க மூடிமூடி எழுப்பிக் கூட்டிட்டுப் போயிடறீங்க."

அக்காவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. எந்த மூடி, என்ன திறந்து வைப்பது என்று கேட்டாள். முதலாளியம்மா கடை வழக்கத்தைச் சொன்னார். டீச்சருக்கு இது தெரியாதா என்று அவருக்கே அதிர்ச்சி. ஆரஞ்சுத் தட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு நைசாக நகர்ந்துவிட்டார்.

அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆமாம், அந்தக் கால்கூட அசையவில்லை. பாப்பாவைப் பார்த்தாள். பாப்பா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நெஜமாவே உங்களுக்குத் தெரியாதா?"

"சத்தியமாத் தெரியாது. டீ ஆறிடுமேன்னு மூடினேன்."

"நான் திறப்பேன், நீங்க மூடுவீங்க. சரி, என்கூட உட்கார்றது இவங்களுக்குப் பிடிக்கல போல, அப்பாவுக்காகக் கூட்டிட்டு வர்றாங்கன்னு நெனச்சுக்கிட்டேன்" என்றாள் பாப்பா. "பெரியம்மா கூப்பிட்டப்பவும் உன் இஷ்டம்னு சொல்லிட்டீங்க. ஒரு தடவகூட இருன்னு சொல்லல."

பெரியம்மாவின் கை சுழல் தட்டின் மேல் அப்படியே நின்றது.

அக்கா என்னென்னவோ சொல்லப் பார்த்தாள். பெற்றவள் இல்லையே, எந்த உரிமையில் கேட்பது என்று பயம், மறித்துப் பேசினால் உன் வாழ்க்கையைக் கெடுத்த பழி வருமோ என்று பயம், கேட்டு நீ மாட்டேன் என்றுவிட்டால் அதைத் தாங்க முடியாதே என்று அதைவிடப் பெரிய பயம். எல்லாம் முன்னும் பின்னுமாக வந்தது. பாப்பா குறுக்கே பேசாமல் கடைசிவரை கேட்டாள்.

"அதெல்லாம் சரி. இப்போ கேளுங்க" என்றாள்.

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்று சும்மாவா சொன்னார்கள். ஆனால் கேட்டுப் பழகாதவர்களுக்குக் கேட்பதுதான் உலகத்திலேயே கஷ்டமான வேலை. அக்கா தண்ணீர் குடித்தாள். தம்ளரைக் கீழே வைத்தாள். பெரியம்மாவைப் பார்த்தாள், மன்னிப்புக் கேட்பதுபோல. பிறகு பாப்பாவின் பக்கம் திரும்பினாள்.

"போகாத பாப்பா. என்கூடவே இரு. எனக்கு நீ வேணும்."

சுவர் ஓட்டைக்கு அந்தப் பக்கம் சட்டியில் கரண்டி தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. பாப்பா பெரியம்மாவின் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"பெரியம்மா, லீவுக்கெல்லாம் அங்க வந்துடறேன். அந்த மாடி ரூம் எனக்குத்தான், யாருக்கும் குடுத்துடாதீங்க. ஆனா படிப்பு இங்கதான். நான் இங்கதான் இருக்கப் போறேன்."

பெரியம்மா கைக்குட்டையைத் தேடி எடுத்தார். அவர் முகத்தில் வருத்தம் இருந்தது, இல்லாமலா போகும்? ஆசையாக வந்தவர். மூக்கைத் துடைத்துக்கொண்டு, குழந்தையை வேண்டாம் என்று தள்ளிவிட்டார்களோ என்று பயந்துதான் ஓடிவந்தேன், வேண்டும் என்கிற ஆள் இருக்கும்போது எனக்கு இங்கே என்ன வேலை என்றார். பிறகு அக்காவைப் பார்த்து, இவ்வளவு ஆசையை மனசில் வைத்துக்கொண்டு போனில் அந்தப் பதிலைச் சொன்னாயே, உன்னைக் கட்டிக்கொண்டு அந்த மனிதர் எப்படித்தான் காலம் தள்ளினாரோ என்று ஒரு போடு போட்டார்.

அவ்வளவுதான். கணவர் போன அன்றைக்குக்கூட நாலு பேருக்கு முன்னால் கண் கலங்காத பிரேக் அக்கா, கையில் குச்சியைப் பிடித்தபடி ஓவென்று அழ ஆரம்பித்தாள். மறைக்கவும் தோன்றவில்லை, நிறுத்தவும் தெரியவில்லை. பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சூப்பில் மிளகாய் எண்ணெய் அதிகமாகிவிட்டது என்று நினைத்து முதலாளியம்மா ஒரு ஜாடித் தண்ணீரோடு பதறியடித்து ஓடிவந்தார்.

பாப்பா நாற்காலியை இழுத்துப்போட்டு அக்காவின் தோளோடு ஒட்டி உட்கார்ந்துகொண்டாள்.

"காரமெல்லாம் ஒண்ணும் இல்ல ஆன்ட்டி. அழட்டும், விடுங்க. எங்களுக்கு அவசரம் ஒண்ணும் இல்ல" என்றாள்.